சம்மதமின்றி வெளியிடப்பட்டது

அக்கா அந்த பிளாஸ்டிக் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்தது. தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் மாங்கூழ் ஃபேக்டரியின் வாசலில் தொடங்கி புத்தலப்பட்டு சாலையில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நின்றிருந்தன. திருப்பதி பஸ் அவற்றை ஒட்டியே ஊர்ந்து வந்ததால் அவள் வீடு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. வந்தவள் சாப்பிடக்கூட உட்காரவில்லை. அம்மா ஃபேக்டரியிலிருந்து தூக்கில் வாங்கி வந்திருந்த கூழை அந்த டப்பா நிறைய ஊற்றினாள். எங்களையெல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்துவிட்டு, தட்டின் மேல் அதைக் கவிழ்த்தாள். கூழ் முழுவதும் ஒரே கட்டியாக வழுக்கிக்கொண்டு தட்டில் இறங்கியது. டப்பாவின் உட்புறம் மழை நின்றபின் சேப்பங்கிழங்கு இலை இருப்பதுபோல் துப்புரவாக இருந்தது. அம்மா உள்ளே விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். விரலில் மஞ்சள் ஒட்டவில்லை. லேசான எண்ணெய்ப் பசை மட்டும் பளபளத்தது.

"இத்தக் கழுவவே வாணாமா?" என்றாள் அம்மா.

"சும்மா தண்ணி காட்டினா போதும்மா" என்றாள் அக்கா.

அம்மா தரையில் உட்கார்ந்தாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு நிலம் கிடையாது. நைனா மாங்காய் மண்டியில் மூட்டை ஏற்றினார். அம்மாவுக்கு அந்த ஃபேக்டரியில் கேன் கழுவும் ஷெட்டில் வேலை. ஐஸ்கிரீம் கம்பெனிகளுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் கூழ் நிரப்பி அனுப்பிய கேன்கள் காலியாகி, உள்ளே கூழ் காய்ந்து அப்பிக்கொண்டு திரும்பி வரும். சலவைச் சோடா கலந்த வெந்நீரை ஊற்றி, முழங்கைவரை உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டும். சீசன் முடிவதற்குள் அம்மாவின் விரலிடுக்கெல்லாம் வெடித்துவிடும். உப்போ காரமோ பட்டால் துடித்துப்போவாள். சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாமல் ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுவாள். "கையால துன்னாத்தான் துன்ன மாதிரி கீது" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அக்கா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டியிருக்கிறாள். திருப்பதியில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து அங்கேயே ஆராய்ச்சியில் சேர்ந்தபோது, எதைப் பற்றி ஆராயப் போகிறாய் என்று கேட்ட பேராசிரியரிடம், எதுவும் ஒட்டாத பாத்திரம் செய்யவேண்டும் என்று சொன்னாளாம். அவர் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் சரி என்றாராம்.

பின்னால் அக்காவைக் கட்டிக்கொண்ட மாமாவும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தார். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். எங்கள் வீட்டுக்கு வந்து வந்தே தமிழ் கற்றுக்கொண்டார் என்பதால் எங்கள் பேச்சு அப்படியே அவருக்கு வந்துவிட்டது. என்னை மட்டும் கடைசிவரை 'மரதலா' என்றுதான் கூப்பிட்டார்; கொழுந்தியாளைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள். அக்காவைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு அவர் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தாலி கட்டிய மறுநாள் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், அம்மா ஸ்பூனை எடுப்பதைப் பார்த்தார். தனக்கும் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அது திருப்பதியே அமெரிக்காவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வகுப்பு, விசா கிடைத்தவர்கள் மலையேறி மொட்டை போட்டுவிட்டு வரும் கூட்டம். மாமாவுக்கு அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. அக்கா தன் வேலையை முடித்துவிட்டுப் பின்னால் போவதாக ஏற்பாடு. முடிக்கவேண்டிய வேலை அந்த டப்பாதான். வீட்டில் கவிழ்த்துக் காட்டிய நாளில் அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சில தடவை பயன்படுத்தியதும் வழுக்கல் போய், மற்ற டப்பாக்களைப் போலவே கூழ் ஒட்ட ஆரம்பித்தது. அதன் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை அச்சிலேயே வைத்து வார்த்திருந்தாள். அந்தப் பள்ளங்களில் சமையல் எண்ணெய் தங்கி நிற்கும். அந்த எண்ணெயின் மேல்தான் கூழ் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் எங்கே போய்விடுகிறது என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

மாமா அந்தச் சுவரின் துண்டுகளைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார். அங்கே இருந்த பெரிய நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வார். ஒருநாள், "உள்ள பாத்தா நம்ம ஊரு வேர்க்கடல கொல்ல மாதிரியே கீது. வாய்க்கா வாய்க்காவா ஓடுது" என்றார். அக்கா போனை வைத்தாள். பிறகு, "வாய்க்காவா ஓடினா தண்ணி கடைசி வரைக்கும் ஓடித்தானே போவும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நீளப் பள்ளங்கள் வேண்டாம், ஒன்றோடொன்று சேராத சின்னச் சின்னக் குழிகள் வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது. புதிய அச்சில் வார்த்த துண்டுகளைத் தபாலில் அனுப்பினாள். அவர் படம் எடுத்து அனுப்பினார். அந்தக் குழிகளில் எண்ணெய் நின்றது. அவர்கள் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் இப்படித்தான்.

அங்கே பனிக்காலத்தில் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில் சாலையில் உறைந்திருந்த பனிக்கட்டியில் மாமாவின் கார் சறுக்கிவிட்டது. அவருடைய நண்பர் போனில் ஆங்கிலத்தில் சொன்ன செய்தியை அக்கா தெலுங்கில் திரும்பச் சொல்லச் சொன்னாள். தெலுங்கில் கேட்டபின் தமிழில் அம்மாவிடம் சொன்னாள். மூன்று மொழியிலும் அது அதேதான். சென்னை விமான நிலையத்திலிருந்து அவர் உடல் இருந்த பெட்டியை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு அவருடைய ஊருக்குப் போனோம். பனியையே பார்த்திராத நைனா வழியெல்லாம், "ரோட்டுல ஐஸ் எப்படிமே இருக்கும், யாரு கொட்டுவாங்க?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

மாதக்கணக்கில் அக்கா ஆய்வுக்கூடத்துப் பக்கம் போகவில்லை. ஒருநாள் தானாகவே கிளம்பிப் போனாள். அதன்பிறகு அங்கேயே கிடந்தாள். அதே குழிகளோடு ஒரு கேனை வார்த்து, எத்தனை தடவை நிரப்பிக் கவிழ்த்தாலும் எண்ணெய் வற்றாது என்று அவள் சோதித்து முடித்தபோது மாமா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்போது நான் சென்னையில் ஒரு காப்புரிமை முகவரின் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். என் சீனியர்தான் அக்காவின் விண்ணப்பத்தை எழுதிப் பதிவுசெய்தார். வரதய்யபாளையம் பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் கம்பெனி, காப்புரிமை கிடைத்துவிட்டால் பெரிய கேன்களாகவே செய்து தருகிறோம் என்றது. அம்மா வேலை செய்த ஃபேக்டரி அவற்றை வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. ஷெட்டில் அம்மாவோடு கழுவுகிற பெண்கள், "உன் பொண்ணு கேனு எப்ப வரும்?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டால் உரிமை வந்துவிடாது. அரசாங்கத்துப் பரிசோதகர் ஒருவர் உட்கார்ந்து, இதே பொருள் உலகத்தில் வேறு எங்காவது, எந்த மொழியிலாவது, ஒரு துண்டுக் காகிதத்திலாவது ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடுவார். சொல்லப்பட்டிருந்தால் அது புதிது அல்ல. கண்டுபிடித்தவரே முன்னால் வெளியில் சொல்லியிருந்தாலும் பெரும்பாலும் அதே கதிதான். அக்காவின் விண்ணப்பத்துக்கு வந்த அறிக்கையில் பரிசோதகர் சில ஆவணங்களைக் காட்டியிருந்தார். தாமரை இலையைப் பார்த்துச் செய்த பூச்சுகள், வழுக்கும் குழாய்கள் என்று முதலில் இருந்தவற்றுக்கெல்லாம் எங்களிடம் பதில் இருந்தது. கடைசி ஆவணத்தைச் சீனியர் என் பக்கம் திருப்பிக் காட்டி, "இந்தப் பொண்ணு யாருன்னு பாரும்மா" என்றார்.

படத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் கவிழ்த்த டப்பா, கீழே தட்டில் மஞ்சளாகக் கூழ்.

அது மாமா வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் இணையப் பக்கம். அங்கே இருப்பவர்கள் தங்கள் வேலையைப் பற்றி முறைவைத்து எழுதும் பகுதி. மாமா தன் முறை வந்தபோது தன்னுடைய வேலையைப் பற்றி எழுதவில்லை. திருப்பதியில் இருக்கும் தன் மனைவியின் டப்பாவைப் பற்றி எழுதியிருந்தார். மாமியாரின் விரல்களிலிருந்து தொடங்கியிருந்தார். குழிகளின் அளவு, அவற்றுக்கு இடையில் விடவேண்டிய தூரம், அச்சு செய்யும் முறை, எண்ணெயை எந்தச் சூட்டில் ஊற்றவேண்டும் என்பது வரை எல்லாம் அதில் இருந்தது. கண்டுபிடிப்பு முழுக்க அவளுடையது, நான் படம் மட்டும்தான் எடுத்தேன் என்று எழுதி, அடுத்த மாம்பழ சீசனுக்குள் அவள் இங்கே வந்துவிடுவாள், அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார். விண்ணப்பம் கொடுப்பதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் முந்தைய தேதி. அவர் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு.

அச்செடுத்த அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனேன். அக்காவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. திடீரென்று காட்டி அவளை ஆச்சரியப்படுத்தவேண்டும் என்று வைத்திருந்தாரோ, சொல்ல மறந்துவிட்டாரோ, யாருக்குத் தெரியும். நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் படித்தாள். "இதை நானே வச்சிக்கட்டுமா?" என்றாள். காப்புரிமையைப் பற்றி அன்றைக்கு அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

வழி ஒன்று இருந்தது. கண்டுபிடித்தவரிடமிருந்து விஷயத்தைத் தெரிந்துகொண்ட ஒருவர், அவருடைய சம்மதமின்றி அதை வெளியிட்டுவிட்டால், அந்த வெளியீட்டைக் காட்டி உரிமையை மறுக்க முடியாது என்று சட்டம் சொல்கிறது. 'என் கணவர் இதை என் சம்மதமின்றி வெளியிட்டார்' என்று அக்கா ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் போதும் என்றார் சீனியர். நானே அதைத் தட்டச்சு செய்தேன். சின்ன வாசகம்தான். மறுபடியும் திருப்பதிக்குப் போனேன். அக்கா அப்போது ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவை அழைத்துவந்து தன்னோடு வைத்திருந்தாள். சீசனில் மட்டும் அம்மா பிடிவாதமாக ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அக்கா பத்திரத்தைப் படித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"பொய் எழுதச் சொல்லலியே" என்றேன். "உன்னைக் கேக்காமத்தானே போட்டாரு?"

"ஆமா. கேக்கல."

"அப்புறம் இன்னா?"

"இதைப் படிச்சா அவர் திருடின மாதிரி இல்ல இருக்குது."

"யாரு படிக்கப் போறாங்க? ஃபைல்ல கிடக்கும்."

"நான் படிப்பேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை வருஷ உழைப்பு, அந்தக் கம்பெனிக்காரர்கள் எவ்வளவு நாள் காத்திருப்பார்கள், செத்துப்போனவருக்கு இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்றெல்லாம் பேசினேன். அம்மா சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அம்மாவின் பக்கம் திரும்பி, "நீயாச்சும் சொல்லும்மா, உன் கைக்காகத்தானே இத்தனையும்" என்றேன்.

அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "என் கையி கெட்டது கெட்டதுதான். அந்தப் புள்ள பேரு கெட வாணாம்" என்றாள்.

கையெழுத்து இல்லாமல்தான் விசாரணைக்குப் போனோம். சென்னை அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. அதிகாரிக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், நிதானமாகப் பேசுகிறவர். அக்கா கொண்டுபோயிருந்த கேனை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னார். மற்ற ஆட்சேபங்களுக்குச் சீனியர் சொன்ன பதில்களையும் ஏற்றுக்கொண்டார். கடைசியில் மாமாவின் பக்கத்தைக் கையில் எடுத்தார். சீனியர் சட்டப் பிரிவைச் சொன்னார். அதிகாரி அக்காவையே பார்த்துக் கேட்டார்.

"இதைப் போடறதுக்கு முன்னாடி உங்க கணவர் உங்ககிட்ட கேட்டாராம்மா?"

"இல்ல சார்."

"அப்போ உங்க சம்மதம் இல்லாம வெளியானதுன்னு எடுத்துக்கலாமா?"

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீனியர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். ஆமாம் என்ற ஒரு சொல்தான் தேவைப்பட்டது. அது பொய்யும் அல்ல.

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன் சார்" என்றாள்.

"சட்டம் அதைக் கேக்கலம்மா. சம்மதம் இருந்ததா இல்லையான்னு மட்டும்தான் கேக்குது."

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அதை அப்படித் தனியாப் பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எழுத்துமூலமாகச் சொல்ல இன்னும் அவகாசம் இருக்கிறது, யோசித்து எழுதிக் கொடுங்கள் என்றார். அவருக்கு உரிமையைக் கொடுக்கவேண்டும் என்றுதான் இருந்தது. அவர் குரலிலேயே அது தெரிந்தது. அக்கா எழுந்து கும்பிட்டாள். அந்த அவகாசமும் முடிந்தது. பத்திரம் கையெழுத்தாகாமலே கிடந்தது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இனி அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிட்டதால், அச்சுகளுக்குப் பணம் போட பிளாஸ்டிக் கம்பெனி முன்வரவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத அந்தக் கேனை யாரும் செய்யவும் இல்லை. அம்மா இன்னும் சில சீசன்கள் ஷெட்டுக்குப் போனாள். பிறகு தோள்பட்டை தூக்க வராமல் நின்றுகொண்டாள். இப்போது அந்தப் பக்கத்துக் கூழெல்லாம் பெரும்பாலும் பைகளில் அடைத்துப் போகிறது. கேன் கழுவும் வேலையே குறைந்துவிட்டது. நான் தேர்வெழுதி முகவராகி, சென்னையில் தனியாக அலுவலகம் வைத்திருக்கிறேன். கூட்டாளி முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டான், வேலையை விட்டுப் போனவன் போட்டுவிட்டான் என்று வருகிறவர்களுக்கு அதே வாசகத்தை நானே எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் படிக்காமலேகூடக் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 'சம்மதமின்றி' என்ற அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு முறையும் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

நிராகரித்த ஆணை வந்த நாளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். போனில் சொல்ல மனம் வராமல் நேரில் எடுத்துப்போனேன். அக்காவின் கல்லூரியில் ஒரு வகுப்பு முடிந்து, அடுத்த வகுப்பு தொடங்காத நேரம். ஆய்வுக்கூடத்தில் அவள் மட்டும் இருந்தாள். முடிவு என்ன என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். கையை நீட்டி வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. அங்கே இருந்த ஆங்கில வாசகத்தை மெதுவாக, வகுப்பில் படிப்பதுபோல் வாய்விட்டுப் படித்தாள். மேற்கண்ட ஆவணம் இந்தக் கொள்கலனை எந்த ஐயத்துக்கும் இடமின்றி முழுமையாக விவரிக்கிறது. அதைச் செய்பவருக்கு வேறு எந்த விளக்கமும் தேவைப்படாது. அந்த ஆவணம் ஒன்றே போதும் என்று மாமாவின் பக்கத்தைப் பற்றி அதிகாரி எழுதியிருந்தார். அக்காவின் விண்ணப்பத்தை மறுத்த வரி அதுதான்.

"பாத்தியா" என்றாள். "எவ்ளோ கவனமா எழுதியிருக்காருன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

அவள் முகத்தில் பெருமை இருந்தது. மாமாவின் படிப்பையோ வேலையையோ யாராவது பாராட்டினால் அவள் முகம் எப்படி மலருமோ அப்படியே மலர்ந்தது. அந்த முகத்தோடேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அவருக்கு யாரு சொல்றது இதை?" என்றாள். பிறகு ஆணையின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

வெளியே அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். கதவருகில் நின்ற ஒரு பெண், உள்ளே வரலாமா மேடம் என்று தெலுங்கில் கேட்டாள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், காகிதங்களை ஒழுங்காக அடுக்கி மேசை இழுப்பறையில் வைத்தாள், எழுந்து நின்றாள்.

"ரண்டம்மா" என்றாள். "வாங்க, உள்ள வாங்க."